இது ரத்தம் அல்ல

அந்த போர்டை எழுதி மாட்ட வெச்சதே நான்தான். மூணு வருஷம் ஆபீசுக்கு நடையா நடந்து வாங்கினது. "இது ரத்தம் அல்ல. நீர்யானையின் தோலில் இயற்கையாகச் சுரக்கும் திரவம். வெயிலிலிருந்தும் கிருமிகளிலிருந்தும் அதன் தோலைக் காக்கிறது. தயவுசெய்து கூச்சலிட வேண்டாம்." கடைசி வரியைப் போட மாட்டேன்னாங்க. அந்த வரி இல்லாட்டி போர்டே வேண்டாம், நீங்களே வந்து ஜனங்களுக்குப் பதில் சொல்லுங்கன்னேன். போட்டாங்க.

பின்ன என்னங்க? பதினாலு வருஷமா மிருகக்காட்சி சாலையில நீர்யானையைப் பாத்துக்கிறவ நான். ஒரு நாளைக்கு நாப்பது தடவை "ஐயோ, ரத்தம்! ரத்தம்!"னு கத்தினா மனுஷி எத்தனை தடவை பொறுமையா விளக்குவா? அதுக்கு உடம்புல முடி கிடையாது. தோல் பாக்கத்தான் தடி, மேல்தோல் என்னமோ காகிதம் மாதிரி. தண்ணியை விட்டு வந்து வெயில்ல நின்னா வெடிச்சுப் போயிடும். அதுக்காக உடம்பே ஒரு எண்ணெயைச் சுரக்குது. வரும்போது நிறமே இருக்காது, கொஞ்ச நேரத்துல சிவப்பாகி, அப்புறம் பழுப்பாகும். வேர்வைன்னு சொல்றோம், அது வேர்வையும் இல்லையாம், எங்க மிருக டாக்டர் சொல்லுவார். எதுவோ. ரத்தம் இல்ல, அவ்வளவுதான். ஒரு அம்மா கைப்பையிலருந்து காயத்துக்குப் போடுற மருந்து ட்யூபை எடுத்து வீசினாங்க. அது முதுகுல பட்டுத் தண்ணிக்குள்ள போயிடுச்சு. அதை எடுக்கத் தொட்டி முழுக்கக் காலி பண்ணினேன். அன்னிக்குத்தான் போர்டுன்னு ஒண்ணு வேணும்னு முடிவு பண்ணினேன்.

எங்ககிட்ட ரெண்டு இருந்துச்சு. பெருசு ஒண்ணு, பொட்டை, ஒண்ணரை டன். பேரேட்டுல அதுக்கு ஒரு நம்பர்தான். நான் ராசாத்தின்னு கூப்பிடுவேன். இன்னொண்ணு குள்ள ஜாதி, வாண்டு. அது பெருசோட குட்டின்னு ஜனங்க நினைச்சுக்குவாங்க. குட்டியும் இல்ல கிட்டியும் இல்ல, அது வேற இனம். ராசாத்திக்குக் கண்ணு, காது, மூக்கு எல்லாம் மண்டை உச்சியில ஒரே வரிசையில இருக்கும், உடம்பு பூரா தண்ணிக்குள்ள கிடந்தாலும் ஊரை வேவு பாக்கலாம். வாண்டுக்குக் கண்ணு பக்கவாட்டுல. தலை உருண்டை, தோல் கறுப்பு, கால்விரலெல்லாம் தனித்தனியா விரிஞ்சிருக்கும். அது காட்டுல நடக்கிற ஜாதி, தண்ணியில கிடக்கிற ஜாதி இல்ல. அதைப் பாத்து "பன்னிக்குட்டி"ன்னு சிரிக்கிறவங்களை நான் விட்டதே இல்ல. எனக்குக் கோபம் மூக்கு மேலன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லட்டும்.

என் நாத்தனார் சொல்றதுதான் எனக்கு ஆகாது.

அவங்க என் வீட்டுக்காரருக்கு மூத்தவங்க. கல்யாணமாகி நாலே வருஷத்துல புருஷனை விட்டுட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தவங்க, இன்னிக்கு வரைக்கும் எங்க வீட்லதான். அதே மிருகக்காட்சி சாலையில வாசல்ல டிக்கெட் குடுக்கிற வேலை. எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்ததும் அவங்கதான். அதை நான் மறுக்கல. மறக்கவும் விட்டாத்தானே? வீட்டுக்கு யார் வந்தாலும், உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிக்கிறதுக்குள்ள, "இவளை நான்தான் சேத்து விட்டேன்" வந்துடும். நான் துணி மடிச்சா அவங்க பிரிச்சு மறுபடி மடிப்பாங்க. நான் சமைச்சா ஒரு வாய் வெச்சுட்டு ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் உப்பு டப்பாவை எடுத்துட்டு வருவாங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அதான் எரிச்சலே. கோபம் வந்தா மட்டும் என்னை "இந்தாம்மா"ன்னு கூப்பிடுவாங்க, தெருவுல போறவளைக் கூப்பிடுற மாதிரி. வீட்டுக்காரரு, "ரெண்டு பேரும் என்னமோ பண்ணிக்கோங்க, என்னை இழுக்காதீங்க"ன்னு செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிடுவார்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

நீர்யானையோட பல்லு நம்ம பல்லு மாதிரி ஒரு அளவுக்கு வந்து நிக்காது. முன்னாடி ரெண்டு பக்கமும் கோரைப்பல் இருக்கே, அது சாகிற வரைக்கும் வளந்துக்கிட்டே இருக்கும். கீழ்ப்பல் ஒண்ணொண்ணும் முழங்கை நீளம். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணோட ஒண்ணு உரசி உரசித் தேஞ்சுக்கும், அதனால பிரச்சினை இல்ல. மேல்பல் உடைஞ்சு போனா, கீழ்ப்பல்லுக்கு உரச ஆள் கிடையாது. அது பாட்டுக்கு வளந்துக்கிட்டே போகும். எங்க போகும்? மேல் உதட்டைக் குத்திக்கிட்டு உள்ள போகும்.

ராசாத்திக்கு வலது பக்க மேல்பல் பாதி உடைஞ்சிருந்ததை முதல்ல பாத்தது நான்தான். டாக்டர் வந்து பாத்துட்டு, "கீழ்ப்பல்லைத் தினமும் கவனிம்மா. நீண்டுச்சுன்னா சொல்லு, அறுத்து விட்டுடலாம்"னார். அதுக்குத்தான் காலையில வாய் பாக்கிற வேலை. நான் கம்பி ஓரத்துல நின்னு, ஒரு கையில டார்ச்சும் ஒரு கையில பூசணித் துண்டுமா "ஆ"ன்னு சொன்னா, அது வந்து தாடையைக் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிமெண்ட் திட்டு மேல வெச்சு வாயைப் பொளக்கும். நாலு வயசுக் குழந்தை உள்ள நின்னுக்கலாம், அவ்வளவு பெரிய வாய். உள்ள டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, பூசணியை நாக்குல வெச்சுட்டு, ரிஜிஸ்டர்ல "வாய்: சரி"ன்னு எழுதணும். இதை அதுக்குப் பழக்கினது நான். எட்டு மாசம் ஆச்சு பழக்க. எனக்கு அதுல எவ்வளவு பெருமை தெரியுமா?

வெயில் கொளுத்தின அந்த மாசம், ஒரு நாள் காலையில "ஆ"ன்னேன், அது பாதி வாய்தான் திறந்துச்சு. மறுநாளும் பாதி. வெயிலுக்குச் சடைச்சுக்குதுன்னு நினைச்சேன். எனக்கும்தான் அந்த வெயில்ல வாயைத் திறக்கப் பிடிக்கல. பூசணியைத் தூக்கிப் போட்டுட்டு "வாய்: சரி"ன்னு எழுதினேன். நாலாம் நாள் டார்ச்சையே எடுத்துட்டுப் போகல, தீனி அறையில ஆணியிலயே தொங்கிச்சு. "வாய்: சரி." எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ரெண்டு வார்த்தை.

அஞ்சாம் நாள் மத்தியானம். தீனி அறை வாசல்ல நான், கூட்டிப் பெருக்கிற ரெண்டு பேரு, மான் பாத்துக்கிறவர், எல்லாரும் உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தோம். நாத்தனார் டிக்கெட் அறையைப் பூட்டிட்டு வந்தாங்க. சாப்பாட்டுக்கு அவங்க அந்தப் பக்கமே வர மாட்டாங்க. நேரா என் முன்னாடி வந்து நின்னு சொன்னாங்க:

"உன் ராசாத்திக்கு வாய்ல ரத்தம் வருது."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. எத்தனை பேர் முன்னாடி! பதினாலு வருஷம் அதைப் பாத்துக்கிறவ நான், டிக்கெட் கிழிக்கிறவங்க வந்து எனக்கு நீர்யானையைச் சொல்லிக் குடுக்கிறாங்க.

"அண்ணி, உங்களுக்குப் படிக்கத் தெரியும்ல? அங்க ஒரு போர்டு தொங்குது பாருங்க. சத்தமா ஒரு தடவை படிச்சுட்டு வாங்க"ன்னேன்.

மான் பாத்துக்கிறவருக்குப் புரையேறிடுச்சு, அவ்வளவு சிரிப்பு. பெருக்கிற பொம்பளைகளும் சிரிச்சாங்க. நாத்தனார் முகம் சுண்டிப் போச்சு. இருந்தாலும் போகல.

"போர்டு எனக்கும் தெரியும். வேர்வைன்னா முதுகுல, காதுக்குப் பின்னாடி, எல்லா இடத்துலயும் முத்து முத்தா வரணும். இது உதட்டுக்குள்ளருந்து ஒரே இடத்துல வழியுது. ஈ மொய்க்குது. வந்த ஜனமும் வந்து என்கிட்ட சொல்றாங்க."

"ஈ எங்கதான் மொய்க்கல? உங்க டிக்கெட் அறையில மொய்க்கல?"

மறுபடியும் எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க திரும்பிப் போனாங்க. உண்மையைச் சொல்றேன், அன்னிக்குச் சாப்பாடு எனக்கு அப்படி ருசிச்சுது. நாலு பேர் முன்னாடி அவங்க வாயை அடைச்சுட்டேன்ல!

இதே வார்த்தையைப் பெருக்கிற பொம்பளை சொல்லியிருந்தா நான் சோத்துக் கையோட எழுந்து ஓடியிருப்பேன்.

மூணு நாள் கழிச்சு அவங்க மறுபடியும் வந்தாங்க. இந்தத் தடவை யாரும் இல்லாத நேரமாப் பாத்து வந்தாங்க, என்னை மத்தவங்க முன்னாடி சங்கடப்படுத்த வேணாம்னு. அது எனக்கு இப்பதான் புரியுது, அன்னிக்குப் புரியல. கையில அவங்க கைக்குட்டை. ராசாத்தி தாடையை வைக்கிற திட்டு இருக்குல்ல, அதைக் கம்பி வழியா கை விட்டுத் துடைச்சு எடுத்திருக்காங்க. அந்தப் பல்லுகிட்ட கையை விட்டிருக்காங்க! நீர்யானை புல்லுதான் தின்னும், ஆனா கடிச்சா ஆளு ரெண்டு துண்டு. அதெல்லாம் தெரிஞ்சவங்கதான்.

"மோந்து பாரு. நாறுது. வேர்வை இப்படி நாறுமா?"

"கம்பிக்குள்ள கை விடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? ஏதாவது ஆச்சுன்னா என் வேலைதானே போகும்? நீங்க வாங்கிக் குடுத்த வேலைன்னு நீங்களே பறிச்சுக்கலாம்னு பாக்கிறீங்களா?"

"இந்தாம்மா. உன் வேலையை யாரு கேட்டா? ஒரு தடவை அது வாயைப் பாரு. அவ்வளவுதான்."

"தினமும் பாக்கிறேன். ரிஜிஸ்டரைப் போய்ப் பாருங்க."

கைக்குட்டையைப் பிடுங்கிக் குப்பையில போட்டேன். மோந்து பாக்கல. ஆனா கையில வாடை ஒட்டிக்கிச்சு. சோப்புப் போட்டு ரெண்டு தடவை கழுவினேன். கழுவும்போதாவது புத்தி வந்திருக்கணும்ல? வரல. வாடை வந்துச்சு, அவங்க சொன்னது சரியா இருக்குமோன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. உடனே இன்னொண்ணும் தோணுச்சு. இப்ப நான் டாக்டரைக் கூப்பிட்டா, "நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிஞ்சுது"ன்னு சாகிற வரைக்கும் வீட்ல சொல்லிக்கிட்டே இருப்பாங்க. ரெண்டு நாள் போகட்டும், நானே பாத்த மாதிரி பாத்துக்கலாம், நானே சொன்ன மாதிரி சொல்லிக்கலாம்னு விட்டேன். சத்தியமா இதுதான் நடந்துச்சு. இதை நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

ரெண்டாம் நாள் அது தீனிக்கு வரல.

தண்ணிக்குள்ள அடியில கிடந்துச்சு. நீர்யானை நீந்தாது, பலருக்கும் இது தெரியாது. அடித்தரையில காலை ஊனி நடக்கும், மூச்சுக்கு மட்டும் மேல வரும். தூக்கத்துல கூடத் தானா மேல வந்து மூச்சு விட்டுட்டு இறங்கும். அன்னிக்கு மேல வந்தப்போ மூக்குத்துவாரம் பாதிதான் திறந்துச்சு. காதை ஆட்டல. "ராசாத்தி, ஆ"ன்னேன். அது என்னைப் பாத்துச்சு. என் குரலுக்கு வாயைத் திறக்கப் பாத்துச்சுங்க. முடியல. பக்கத்துல வந்தப்போதான் உதடு வீங்கி, பல்லு நுனி மேல்பக்கமா வெளிய எட்டிப் பாக்கிறதைக் கண்டேன்.

டாக்டர் ஓடி வந்தார். தண்ணியை வடிச்சோம். மயக்க ஊசி போட்டாத்தான் வாயைத் திறக்க முடியும். அவ்வளவு கொழுப்புள்ள உடம்புக்கு ஊசி கணக்கு பண்றதே கஷ்டம், மயக்கத்துல மூச்சு நின்னா நின்னதுதான்னு அவரே சொன்னார். வேற வழி இல்ல. நான் தலைமாட்டுல உக்காந்து ஈரத்துணியால தோலை நனைச்சுக்கிட்டே இருந்தேன். முதுகுல முத்து முத்தா சிவப்பு கசிஞ்சுது. வேர்வை. உதட்டுலருந்து வழிஞ்சது வேற சிவப்பு, கருஞ்சிவப்பு. பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா குருடனுக்குக் கூட வித்தியாசம் தெரியும்.

வாயைத் திறந்ததும் சீழ் கொட்டுச்சு. உதட்டைத் துளைச்சு மேல்தாடை எலும்பு வரைக்கும் போயிருந்துச்சு பல்லு. டாக்டர் ரம்பத்தை எடுத்து அறுத்தார், சுத்தம் பண்ணினார், எல்லாம் பண்ணினார். மூச்சு நீளமா ஒண்ணு வந்துச்சு. அடுத்தது வருமான்னு காத்திருந்தோம். வரல.

அறுத்த பல்துண்டு தரையில கிடந்துச்சு. டாக்டர் அதைக் கையில எடுத்து, என்னைப் பாக்காமலே சொன்னார்: "பத்து நாளைக்கு முன்னாடின்னா இது நகம் வெட்டற மாதிரிம்மா. பல்லு நுனியில அதுக்கு உணர்ச்சியே கிடையாது. அரை மணி நேர வேலை."

ஒரு வாரத்துல விசாரணை வெச்சாங்க. பெரிய ஆபீசர், டாக்டர், வெளியிலருந்து வந்த ஒருத்தர். மேஜை மேல என் ரிஜிஸ்டர். "வாய்: சரி, வாய்: சரி, வாய்: சரி." என் கையெழுத்து அழகா இருக்கும். அது பக்கத்துல ஒரு கடுதாசி. பாக்க வந்த யாரோ ஒரு ஆளு எழுதினது: "நீர்யானையின் வாயில் ரத்தம் வழிவதை டிக்கெட் கொடுக்கும் பெண்மணியிடம் சொன்னேன். உடனே தெரிவிப்பதாகச் சொன்னார்."

நாத்தனாரைக் கூப்பிட்டாங்க. அவங்க வந்து என் பக்கத்து நாற்காலியில உக்காந்தாங்க. மான் பாத்துக்கிறவரும் பெருக்கிற பொம்பளைகளும் எப்படியும் வாயைத் திறக்க மாட்டாங்க, அன்னிக்குச் சிரிச்சதுல அவங்களுக்கும் பங்கு உண்டு. மிச்சம் இவங்கதான். எத்தனை வருஷக் கணக்கைத் தீத்துக்கலாம் இன்னிக்கு! ஒரு வார்த்தை போதும், என் கதை முடிஞ்சுது.

"இந்த ஆளு உங்ககிட்ட சொன்னாரா?"ன்னு ஆபீசர் கேட்டார்.

"சொன்னாருங்க."

"நீங்க இவங்ககிட்ட சொன்னீங்களா?"

அவங்க என் பக்கம் திரும்பக் கூட இல்ல.

"இல்லைங்க. போர்டுல ரத்தம் இல்லன்னு போட்டிருக்கே, அதுதான் இதுன்னு நினைச்சு விட்டுட்டேன். இவகிட்ட சொல்லல."

ஆபீசர் என்னைப் பாத்தார். "உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?"

என் வாயில நாக்கு இருந்துச்சு. வலியில்லாம, வீக்கமில்லாம, நல்லாத்தான் இருந்துச்சு. "யாரும் சொல்லலீங்க"ன்னேன்.

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார். ரிஜிஸ்டரைப் பத்திக் கேட்டாங்க. பாதி வாய்தான் திறந்துச்சு, வெளிய ஒண்ணும் தெரியலன்னேன். எழுதிக்கிட்டாங்க. எனக்கு எச்சரிக்கைக் கடிதம். நாத்தனாரை டிக்கெட் அறையிலருந்து தூக்கி, வெளிய வண்டி நிறுத்துற கொட்டகைக்குப் போட்டாங்க. இருபது வருஷம் விசிறிக்குக் கீழ உக்காந்து வேலை பாத்தவங்க, இப்ப வெயில்ல நின்னு வண்டிக்குச் சீட்டுக் கிழிக்கிறாங்க. வெளிய வரும்போது ஆபீசர் என்கிட்ட சொன்னார், "நல்ல வேளை, அந்த போர்டு இருந்துச்சு"ன்னு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். கேக்காம இருக்க முடியல. "ஏன் அண்ணி?"

துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் மடிச்சு வெச்சதைத்தான் பிரிச்சு மடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

"உனக்காகன்னு நினைச்சுக்காத. நீ போயிட்டா அந்த வாண்டை யாரு பாப்பா? மான் பாத்துக்கிறவனா? அதுக்கும் பல்லு இருக்குல்ல."

அவ்வளவுதான். "நான்தான் சேத்து விட்டேன்"னு அன்னியிலருந்து யார்கிட்டயும் சொல்றதில்ல. சொல்லித் தொலைச்சா எனக்குக் கொஞ்சம் லேசாவாவது இருக்கும். சாப்பாட்டுல உப்பு குறைஞ்சாலும் அப்படியே சாப்பிட்டுட்டு எழுந்துடுறாங்க. எனக்கு அவங்களை முன்னாடியும் பிடிக்கல. இப்ப இன்னும் பிடிக்கல. ஒரு மனுஷி எனக்குப் பண்ணின உபகாரத்தை மன்னிக்க முடியாம நான் தவிக்கிறேன், இதைப் போய் யார்கிட்ட சொல்றது?

போர்டை எடுத்துடலாம்னு ஆபீசுக்கு எழுதிக் குடுத்தேன். நல்ல போர்டு, இருக்கட்டும்னுட்டாங்க. அதை வாண்டு இருக்கிற பக்கமா மாத்தி மாட்டினாங்க. வாண்டுக்கும் தோல்ல கசியும், அவ்வளவு சிவப்பா இருக்காது. இருந்தாலும் யாராவது "ரத்தம்"னு கத்தினா நான் கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடுறேன். போய்ப் பாத்தா வேர்வைதான். ஜனங்க போர்டைக் காட்டி என்னைப் பாத்துச் சிரிக்கிறாங்க.

வாண்டுக்கும் "ஆ" பழக்கியாச்சு. இப்பல்லாம் டார்ச் காலையிலருந்து சாயந்திரம் வரைக்கும் என் இடுப்புலதான். தினமும் சாப்பாட்டு நேரத்துல நாத்தனார் கொட்டகையிலருந்து நடந்து வருவாங்க. முகமெல்லாம் வெயில்ல கறுத்துப் போச்சு. தீனி அறை வாசல்ல நின்னு ஒரே ஒரு கேள்வி கேப்பாங்க. "வாய் பாத்தியா?" "பாத்தேன் அண்ணி." திரும்பிப் போயிடுவாங்க. ஆறு மாசமா இதேதான்.

நேத்தும் வந்தாங்க. காலையிலருந்து தண்ணிக்குழாய் ரிப்பேர், புல்லு வண்டி லேட்டு, எனக்குத் தலைக்கு மேல வேலை. ரிஜிஸ்டர்ல ரெண்டு வார்த்தை எழுதி முடிச்சிருந்தேன்.

"வாய் பாத்தியா?"

"பாத்தேன் அண்ணி."

அவங்க திரும்பல. என்னையும் பாக்கல. எனக்குப் பின்னாடி இருந்த சுவத்தைப் பாத்தாங்க. அப்புறம் உள்ள வந்து, ஆணியில தொங்கின டார்ச்சை எடுத்து, என் கையில குடுத்தாங்க.